எந்த நம்பை?

சீனியர் 2019இல் எழுதிவைத்துவிட்டுப் போன ஸ்கிரிப்ட் அது. லைசோசைம் புரதத்தைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் வைத்து ஓபன்எம்எம்மில் ஓடவிடும். கிடைக்கும் டிராஜெக்டரியை எம்டிடிராஜ் கொண்டு அலசும். துறையின் கிளஸ்டரில் நான் ஓட்டியதும், நம்பையில் 'ஃப்ளோட்' என்று எதுவும் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது.

என்பி.ஃப்ளோட், என்பி.இன்ட் போன்ற பெயர்களைப் பற்றி நம்பை 1.20 முதலே எச்சரித்துக்கொண்டிருந்தது, 1.24இல் எடுத்தேவிட்டார்கள். ஸ்கிரிப்டில் நாலு இடத்தில் மாற்றினால் முடிகிற வேலை. அடுத்தவர் கோடில் கைவைக்கப் பயந்து, நான் நம்பையைக் கீழிறக்கினேன். 1.23 போதும். எச்சரிக்கைகூட வரக்கூடாது என்ற பேராசையில் பிப் மூலம் 1.19ஐ இறக்கினேன்.

இப்போது எம்டிடிராஜ் மண்டையைப் போட்டது. என்டிஅரேயின் அளவு மாறிவிட்டதாம். 88 எதிர்பார்த்ததாம், 80தான் கிடைத்ததாம். புது நம்பையை வைத்துக் கம்பைல் செய்த லைப்ரரி பழைய நம்பையோடு ஒத்துப்போகாததன் அடையாளம் இது. இந்த 88, 80ஐப் பார்த்தால் உங்கள் ஸ்கிரிப்டைக் கிளறாதீர்கள், அதில் ஒன்றும் இருக்காது.

சரி, எல்லாவற்றையும் தொலைத்துத் தலைமுழுகுவோம் என்று காண்டாவில் புதிய என்விரான்மென்ட் உருவாக்கினேன். காண்டா லிஸ்ட் நம்பை 1.26 என்கிறது. ஓட்டினால் அதே 88, அதே 80. இரண்டு சாயங்காலம் இப்படியே போனது. வெட்கத்தை விட்டு சீனியருக்கே போன் போட்டேன்.

"தம்பி, நம்பை எந்த வெர்ஷன்னு பாக்காத. எங்கேருந்து வருதுன்னு பாரு."

பைத்தானுக்குள் நம்பையை இம்போர்ட் செய்து அதன் கோப்பு இருக்கும் இடத்தை அச்சிட்டேன். காண்டா ஃபோல்டர் இல்லை. என் ஹோமில் ஒளிந்திருக்கும் 'லோக்கல்' ஃபோல்டர்! நான் பிப் ஓட்டியது கிளஸ்டரின் பொதுப் பைத்தானில். அங்கே எழுத எனக்கு அனுமதியில்லாததால், பிப் ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு நம்பையை என் ஹோமில் போட்டிருக்கிறது. அந்த வரியை யார் படித்தார்கள்? பைத்தான் 3.9 என்றால் எந்த 3.9ஆக இருந்தாலும் அந்த ஃபோல்டரைத்தான் முதலில் பார்க்கும், காண்டாவின் ஃபோல்டர் அதற்குப் பிறகுதான். அதை அழித்த மறுநொடியே எம்டிடிராஜ் எழுந்து உட்கார்ந்தது. இப்போது என் ஜாப் ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றிலும் பைத்தான்நோயூசர்சைட் என்ற மாறிக்கு 1 கொடுத்துவிடுகிறேன். ஹோமில் கிடப்பதைப் பைத்தான் திரும்பிப் பார்க்காது.

அப்புறம்தான் அந்த நாலு இடத்தையும் திருத்தினேன். என்பி.ஃப்ளோட் என்பது பைத்தானின் சாதாரண ஃப்ளோட்டுக்கு இன்னொரு பெயர், அவ்வளவே. வெறும் ஃப்ளோட் என்று எழுதினால் போதும். பெயர் ஒத்திருக்கிறதே என்று ஃப்ளோட்32 போட்டுவிடாதீர்கள்: பிழைச் செய்தி வராது, துல்லியம் மட்டும் பாதியாகும். இப்படிச் சத்தமில்லாமல் கெடுவதுதான் எனக்குப் பயம். அதனால் எதைத் திருத்தினாலும், நீண்ட ஓட்டத்துக்கு முன் முதல் ஃப்ரேமின் நிலையாற்றலைப் பழைய லாகோடு ஒப்பிட்டுவிடுகிறேன்.

இம்போர்ட் வரிகளில் ஓபன்எம்எம்முக்கு முன்னொட்டாக இருந்த சிம்டிகே பெரிய தலைவலி இல்லை. 7.6 பதிப்பிலிருந்து ஓபன்எம்எம் என்றே நேராக எழுதலாம். 2024இல் வந்த நம்பை 2.0 அப்படியல்ல, 1.x-க்குக் கம்பைல் செய்த லைப்ரரிகள் அதில் ஓடாது. பழைய ஸ்கிரிப்ட் என்றால் என்விரான்மென்ட் கோப்பிலேயே 'நம்பை 2க்குக் கீழ்' என்று எழுதி, தேவையான எல்லாவற்றையும் ஒரே தடவையில் காண்டாவிடம் கேளுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பிடுங்கிக்கொள்ளும்.

சீனியர்களே, லேபைவிட்டுக் கிளம்பும்போது ஸ்கிரிப்ட் கிடக்கும் ஃபோல்டரிலேயே அந்த என்விரான்மென்ட் கோப்பையும் போட்டுவிட்டுப் போங்கள். போன் நம்பரையும்தான்.