திருவிழாவுக்குக் குருக்களை அழைக்கும்போது

பங்குத் திருவிழாவில் குருக்கள் பலர் பீடத்தைச் சுற்றி நின்று கூட்டுத் திருப்பலி நிறைவேற்றினால் மக்களுக்குத் தனி நிறைவு. வேங்கிக்கால் போல, திருவண்ணாமலையின் கிரிவல நெரிசலை ஒட்டிய ஊரில் அதற்கு முன்யோசனை வேண்டும். புதிய பங்குத்தந்தையரும் பங்குப்பேரவையினரும் தடுமாறும் இடங்களைப் பார்த்தே இதை எழுதுகிறேன்.

1. தேதி: பாதுகாவலர் விழா வார நாளில் வந்தால், பொதுக்காலமாக இருக்கும்பட்சத்தில் ஞாயிறுக்கு மாற்றிக்கொள்ளலாம். திருவருகைக்கால, தவக்கால, பாஸ்கா கால ஞாயிறுகளுக்கு மாற்றக் கூடாது. டிசம்பர் 3இல் வரும் சவேரியார் விழாவை அன்றே கொண்டாடுங்கள். அது ஞாயிறாக அமைந்தால் திங்களுக்குப் போகும். பிறகு பஞ்சாங்கத்தில் பௌர்ணமியைப் பாருங்கள். 14 கி.மீ. கிரிவலப் பாதையில் செங்கம் சாலையின் ஒரு பகுதியும் அடக்கம். அன்றிரவு செங்கத்திலிருந்து கிளம்பும் குரு எப்போது வந்து சேருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. கார்த்திகை தீப நாளை அறவே தவிர்த்துவிடுங்கள்.

2. அழைப்பு: “திருவிழாவுக்கு வாங்க ஃபாதர்” என்று பொதுவாகச் சொன்னால் போதாது. நவநாளில் எந்த மாலை, என்ன மறையுரைத் தலைப்பு என்று கேட்டு உறுதி செய்த பிறகே நோட்டீஸ் அச்சுக்குப் போக வேண்டும். இந்தப் பங்கில் முன்பு பணியாற்றியவர்களுக்கும் இங்கே பிறந்த குருக்களுக்கும்தான் முதல் அழைப்பு. மூத்தவர்களை நேரில் போய் அழையுங்கள்.

3. நேரம்: தடுமாற்றம் அதிகம் இங்கேதான். ஞாயிறு காலையில் ஒவ்வொரு குருவுக்கும் சொந்தப் பங்கில் பூசை இருக்கும். ஆகவே திருவிழாத் திருப்பலியை மாலையில் வையுங்கள். திருப்பலி தொடங்கிய பிறகு வருபவர் கூட்டுத் திருப்பலியில் சேர முடியாது. வானவர் கீதத்தின்போது சக்ரீஸ்துக்குள் ஓடிவந்து அங்கி மாட்டுகிறவரைத் தடுப்பது யாருக்கும் இனிமையாக இருக்காது. அதனால் ஆறு மணித் திருப்பலிக்குக் குருக்களை ஐந்தே கால் மணிக்கே வரச் சொல்லுங்கள். முன்னதாக வந்தவர்களை ஒப்புரவு கேட்க உட்கார வையுங்கள். சொந்த மறைமாவட்டத்தில் பொதுவான அதிகாரம் பெற்ற குரு, இங்குள்ள ஆயர் தடுக்காதவரை இங்கேயும் ஒப்புரவு கேட்கலாம். தாமதமாக வந்தவருக்கும் இதே இடம்தான். வரிசையில் நிற்கும் மக்கள் அவரை வாழ்த்துவார்கள்.

4. சக்ரீஸ்து: வெண்ணங்கிகளை உயரவாரியாக ஹேங்கரில் மாட்டி வையுங்கள். குருக்கள் பலர் வந்து பூசை மேலாடை போதவில்லை என்றால், தலைமை ஏற்பவர் தவிர மற்றவர்கள் வெண்ணங்கியும் ஸ்டோலும் அணிந்தாலே போதும். நற்கருணை மன்றாட்டில் தலைவரின் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும்; மற்றவர்கள் தணிந்த குரலில் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் தலைவரின் மைக்கைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிடச் சொல்லுங்கள்.

5. காணிக்கை: அன்றைய இரண்டாம் பூசையாகக் கூட்டுத் திருப்பலியில் கலந்துகொள்பவர் அதற்கு எந்தப் பெயரிலும் பூசைக் காணிக்கை பெறக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 951. பெட்ரோல் செலவைத் தனிக் கணக்கில் கொடுங்கள்.

6. தேர்பவனி, சாப்பாடு: காவல்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். கார் ஓட்டி வந்தவருக்கும் இலை போடுங்கள்.

கடைசியாக, வந்த ஒவ்வொரு குருவின் பங்குத் திருவிழாத் தேதியையும் டைரியில் குறித்து, அன்று நீங்கள் போய் நில்லுங்கள். நம் திருவிழாவுக்குக் குருக்களை வரவழைப்பது அந்த வழக்கம்தான்.