கோழியின் குணமும் கூட்டத்தின் பலனும்

முட்டைக் கோழி வளர்ப்போருக்குப் பெருநஷ்டம் விளைவிப்பவற்றுள் ஒன்று, கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் கொல்லும் வழக்கமாகும். இடநெருக்கடி, தீவனக் குறைவு, மிகுந்த வெளிச்சம் ஆகியவை இதற்குக் காரணமாகின்றன என்பதை நாம் அறிவோம். ஆனால் இத்துர்க்குணம் தாய் தந்தையரிடமிருந்து குஞ்சுகளுக்கு இறங்கி வருவதும் உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இனவிருத்திக்குரிய கோழியை நாம் எவ்வாறு பொறுக்குகிறோம்? அதிக முட்டையிடுவது எதுவோ, அதன் குஞ்சுகளையே விரும்புகிறோம். இது நியாயமாகவே தோன்றும். ஆயினும் இதில் ஒரு பிழை மறைந்திருக்கக்கூடும். பல கோழிகள் உள்ள ஒரு கூண்டில், ஒரு கோழி மற்றவற்றை விரட்டிவிட்டுத் தீவனத்தைத் தானே தின்று, அதனால் அதிக முட்டை இடலாம். அதனைப் பொறுக்கும்போது நாம் பொறுக்குவது முட்டையிடும் திறனையா, அடாவடிக் குணத்தையா? அக்குணம் படைத்த பெட்டைகள் ஒரே கூண்டில் சேர்ந்தால் விளையும் கேட்டைச் சொல்ல வேண்டுவதில்லை.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்திலுள்ள பர்டூ பல்கலைக்கழகத்தில் 1982-ஆம் ஆண்டு வெள்ளை லெகார்ன் கோழிகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி தொடங்கப்பெற்றது. அதன் முடிவுகளை வில்லியம் மியூர் என்னும் விஞ்ஞானி 1996-இல் வெளியிட்டார். இவ்வாராய்ச்சியில் தனிக் கோழியைப் பொறுக்கவில்லை. ஒரே சேவலுக்குப் பிறந்த பெட்டைகளை ஒரு கூண்டில் வைத்து, அக்கூண்டு முழுவதையும் ஒன்றாகவே ஏற்றனர், அல்லது ஒன்றாகவே கழித்தனர். அலகையும் வெட்டவில்லை.

இம்முறையின் நுட்பம் எளிது. கொத்தும் குணம் ஒரு குடும்பத்தில் இருந்தால், கொத்துபவையும் கொத்துப்படுபவையும் உடன்பிறப்புகளே. ஆகவே அக்குடும்பத்தின் மொத்த முட்டைக் கணக்கு குறைந்து, அது தானே கழிக்கப்படும். சேர்ந்து வாழும் குடும்பம் நிலைபெறும்.

பலன் வியக்கத்தக்கது. இரண்டாம் தலைமுறையில் ஆண்டுக்கு 68 சதவிகிதமாக இருந்த சாவு, நான்காம் தலைமுறையில் 8.8 சதவிகிதமாகக் குறைந்தது. தனித்தனிக் கூண்டில் வைக்கப்பட்ட, தேர்வு செய்யப்படாத கோழிகளில் சாவு 9.1 சதவிகிதம். அதாவது, கூட்டமாக வாழ்ந்தவையும் தனித்து வாழ்ந்தவற்றைப் போலவே பிழைத்திருந்தன. கூண்டில் விடப்பட்ட கோழி ஒன்றுக்கு ஆண்டு முட்டை 91-லிருந்து 237-ஆக உயர்ந்தது. முட்டையின் எடையோ மாறவில்லை.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில உள. முதலாவது, போதிய இடமும் தீவனமும் தண்ணீரும் தராமல் பிறவிக் குணத்தைக் குறை கூறலாகாது. இரண்டாவது, ஒவ்வொரு தாயின் குஞ்சுகளுக்கும் காலில் தனி அடையாளமிட்டு, குடும்பவாரியாகச் சேர்த்து வளர்க்க வேண்டும். மூன்றாவது, அவற்றின் மொத்த முட்டையையும், இறந்தவற்றின் எண்ணிக்கையையும் சேர்த்தே குறித்து வர வேண்டும். அக்கணக்கில் சிறந்து நிற்கும் குடும்பத்திலிருந்து அடுத்த அடைமுட்டைகளை எடுப்பது நலம்.

இனி இனவிருத்திக்குக் கோழி பொறுக்கும்போது, அது எத்தனை முட்டை இட்டது என்று மட்டும் கேளாமல், அதனோடு இருந்தவை எவ்வாறு வாழ்ந்தன என்றும் கேட்போமாக.