வெளியே ஒரு செமஸ்டர்: கூட வரும் பணம், வராத பணம்

அமெரிக்கக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை "அடுத்த செமஸ்டர் ஸ்பெயினில்" என்றோ, "வாஷிங்டனில் இன்டர்ன்ஷிப்போடு நாலு மாசம்" என்றோ சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "அப்போ எய்ட் போயிடுமா?" என்பதுதான்.

போகாது. ஆனால் முழுதாகக் கூட வரும் என்றும் நம்பிவிடக் கூடாது. நிதியுதவிக் கடிதத்தில் ஒரே தொகையாகத் தெரிவது உண்மையில் ஃபெடரல் அரசு, மாநில அரசு, கல்லூரி, வெளி அறக்கட்டளைகள் என்று நாலு இடங்களிலிருந்து வரும் பணம். ஒவ்வொன்றுக்கும் தனி விதி. எது வரும், எது நிற்கும், எப்போது கைக்கு வரும் என்ற மூன்றுக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே பதில் வாங்கிவிட வேண்டும்.

கிரெடிட் எங்கே, பணம் அங்கே

ஃபெடரல் விதி எளிமையானது. வெளியில் எடுக்கும் பாடங்களை உங்கள் கல்லூரி பட்டத்துக்கான கிரெடிட்டாக ஏற்றுக்கொண்டால், பெல் கிராண்ட் என்ற இலவச உதவியும் டைரக்ட் லோன் என்ற கடனும் அந்த செமஸ்டருக்கும் உண்டு. வெளியே போய்ப் படிப்பது பட்டத்துக்குக் கட்டாயமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

இதற்காக உங்கள் கல்லூரியும், நீங்கள் போகும் கல்லூரியோ அமைப்போ ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். கன்சார்டியம் அக்ரிமென்ட் என்று நிதியுதவி அலுவலகத்தில் கேட்டால் புரியும். எத்தனை கிரெடிட், எவ்வளவு செலவு, உதவியைப் பட்டுவாடா செய்வது யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பொதுவாகப் பட்டுவாடா செய்வது சொந்தக் கல்லூரிதான்.

தவறான வழியும் ஒன்று உண்டு. கல்லூரியில் லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்வது. கட்டணம் குறைவு என்று பலர் இதில் இறங்குகிறார்கள். அப்படிப் போனால் பெல் கிராண்ட் கிடையாது. அந்தப் பல்கலைக்கழகம் அமெரிக்க அரசின் கடன் திட்டத்தில் இருந்தால் கடன் மட்டும் கிடைக்கலாம். உங்கள் பெயர் எந்தப் பதிவிலும் அரைநேர மாணவராகக்கூட இல்லையென்றால், பழைய ஃபெடரல் கடனுக்கான ஆறு மாத அவகாசமும் ஓடத் தொடங்கிவிடும்.

18 எடுத்தால் 9

கிரெடிட் எண்ணிக்கையில்தான் பலர் சறுக்குகிறார்கள். முழுநேர மாணவர் என்றால் பெரும்பாலான கல்லூரிகளில் செமஸ்டருக்கு 12 கிரெடிட். ஐரோப்பாவின் இ.சி.டி.எஸ். கிரெடிட் இரண்டை ஒரு அமெரிக்க கிரெடிட்டாகப் பல கல்லூரிகள் கணக்கிடுகின்றன. அங்கே 18 எடுத்துவிட்டு முழுநேரம் என்று நிம்மதியாக இருந்தால், இங்கே பதிவாவது 9.

2024-25 கல்வியாண்டிலிருந்து பெல் கிராண்ட், எடுக்கும் கிரெடிட்டின் விகிதத்துக்கு ஏற்பவே கிடைக்கிறது. 2025-26இல் ஆண்டுக்கு உச்சத்தொகை 7,395 டாலர். செமஸ்டருக்கு ஏறத்தாழ 3,697. அது முழுதாகக் கிடைக்க வேண்டியவருக்கு 9 கிரெடிட் என்றால் 75 விழுக்காடு, அதாவது சுமார் 2,770 டாலர்தான். ஒரே ஒரு பாடம் கூடுதலாக எடுத்திருந்தால் குறைந்துபோன மீதியும் கிடைத்திருக்கும். 6 கிரெடிட்டுக்குக் கீழே போனால் டைரக்ட் லோனும் கிடையாது.

கல்லூரியின் சொந்தப் பணம்

உண்மையான சிக்கல் இங்கேதான். கல்லூரி தன் கையிலிருந்து தரும் கிராண்ட் வெளியே வருமா என்பதை அந்தக் கல்லூரியே முடிவு செய்கிறது. சொந்தக் கல்லூரிக்கே ட்யூஷன் கட்டும் பரிமாற்றத் திட்டமென்றால் பெரும்பாலும் வரும். வெளி நிறுவனத்துக்கு நேரடியாகக் கட்டணம் கட்டும் திட்டமென்றால் பல இடங்களில் வராது. மாநில கிராண்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தனியே கேட்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தனியார் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு மாணவி. ஒரு செமஸ்டருக்குக் கல்லூரி கிராண்ட் 15,000 டாலர், பெல் 2,500, டைரக்ட் லோன் 3,750.

பரிமாற்றத் திட்டத்தில் ட்யூஷன் 24,000, தங்குமிடமும் சாப்பாடும் 7,000, மொத்தம் 31,000. உதவி முழுதும் கூட வருகிறது: 21,250. கையிலிருந்து போட வேண்டியது 9,750.

வெளி நிறுவனத் திட்டத்தில் எல்லாம் சேர்த்து 19,000. ஆனால் கல்லூரி கிராண்ட் நின்றுவிடுகிறது. வருவது 6,250 மட்டும். கையிலிருந்து போட வேண்டியது 12,750.

விளம்பரத் தாளில் 12,000 டாலர் மலிவாகத் தெரிந்தது, வீட்டுக் கணக்கில் 3,000 டாலர் அதிகமாகிவிட்டது. ஆகவே திட்டங்களின் விலையை ஒப்பிடாதீர்கள். உதவியைக் கழித்தபின் நிற்கும் தொகையை ஒப்பிடுங்கள்.

நாட்டுக்குள்ளேயே போவதற்கும் இதே கணக்குதான். நேஷனல் ஸ்டூடன்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற கல்லூரிப் பரிமாற்றத் திட்டத்தில் பிளான் ஏ, பிளான் பி என்று இரண்டு வழி உண்டு. முதலாவதில் போகும் கல்லூரிக்கு அந்த மாநிலத்தவர் கட்டும் கட்டணம். இரண்டாவதில் சொந்தக் கல்லூரிக் கட்டணம். எது உங்கள் கிராண்டைக் காப்பாற்றும் என்று கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களுக்கு அதன் சொந்த வெளிநாட்டுத் திட்டமும் வாஷிங்டன் திட்டமும் இருக்கின்றன. இரண்டிலும் பல்கலைக்கழக உதவி செல்லும்.

பட்ஜெட்டைத் திருத்தச் சொல்லுங்கள்

ஒவ்வொரு மாணவருக்கும் படிப்புச் செலவு என்று கல்லூரி ஒரு தொகை வைத்திருக்கிறது. மொத்த உதவி அதைத் தாண்டக் கூடாது. வெளியே போகும் செமஸ்டருக்கு விமான டிக்கெட், விசா, காப்பீடு எல்லாம் சேர்த்து இந்தத் தொகையை உயர்த்தித் தரும்படி கேட்கலாம். கேட்காவிட்டால் பல இடங்களில் தானாக நடக்காது.

உயர்த்திவிட்டதாலேயே இலவசப் பணம் கூடிவிடாது. பெல் தொகை அப்படியேதான் இருக்கும். பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு மூன்றாம் ஆண்டிலிருந்து டைரக்ட் லோன் வரம்பு ஆண்டுக்கு 7,500 டாலர், அதுவும் மாறாது. இடைவெளியைப் பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனால் நிரப்பலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்: 2026 ஜூலை 1 முதல் புதிதாக அந்தக் கடன் வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தமாக 65,000 டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது.

வொர்க்-ஸ்டடி வேலையைப் பெரும்பாலும் கூட எடுத்துப்போக முடியாது. அந்த வருமானத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் பெற்றோர் அதை ட்யூஷனுக்குப் பயன்படுத்தலாம். விமான டிக்கெட்டுக்கு எடுத்தால், எடுத்த பணத்தின் லாபப் பங்குக்கு வரியும் அபராதமும் உண்டு.

முன்பணம் மார்ச்சில், எய்ட் ஆகஸ்டில்

திட்டத்தை நடத்துபவர்கள் மாதங்களுக்கு முன்பே முன்பணம் கேட்பார்கள். ஃபெடரல் பணமோ, மிகச் சீக்கிரம் என்றாலும், வகுப்பு தொடங்குவதற்குப் பத்து நாளைக்கு முன்னால்தான் வரும். இடையில் விசா, டிக்கெட், வாடகை முன்பணம் எல்லாம் உங்கள் கையிலிருந்துதான்.

இரண்டு வேலை செய்யலாம். உதவி வரவிருக்கிறது என்று கல்லூரியிடமிருந்து கடிதம் வாங்கி, கட்டணத்தைத் தள்ளிவைக்கும்படி திட்டக்காரர்களிடம் கேளுங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். கூடவே, மிச்சப்பணம் செக்காக வீட்டு முகவரிக்கு வராமல் நேரே வங்கிக் கணக்கில் விழும்படி டைரக்ட் டெபாசிட் போட்டுவிடுங்கள். பிள்ளை மாட்ரிடில் இருக்கும்போது வீட்டில் செக் வந்து கிடந்து பயனில்லை.

திரும்பி வந்தபின்

வெளிநாட்டு மதிப்பெண் பட்டியல் தாமதமாக வருவது வழக்கம். அது வரும்வரை பாடங்கள் முடியாதவையாகத் தெரியும். கல்வி முன்னேற்றக் கணக்கு இடிக்கும். அடுத்த செமஸ்டர் உதவி தொங்கும். எடுத்த கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்காவது முடித்திருக்க வேண்டும் என்பதே பல கல்லூரிகளின் அளவுகோல். அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே பட்டியலை அனுப்பச் சொல்லி விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.

பாதியில் திரும்புவதும் செலவுதான். செமஸ்டரில் 60 விழுக்காடு கடப்பதற்குள் விலகினால், கடக்காத பகுதிக்கான ஃபெடரல் உதவியைத் திருப்பிக் கட்ட நேரிடும். இலையுதிர் செமஸ்டரில் வெளியே இருப்பவர்கள் அடுத்த ஆண்டுக்கான ஃபாஃப்சா என்ற ஃபெடரல் உதவி விண்ணப்பத்தையும் மறக்கக் கூடாது. அது வழக்கமாக அக்டோபரில் திறக்கிறது.

கூடுதலாகத் தேடலாம்

பெல் கிராண்ட் வாங்கும் அமெரிக்கக் குடிமக்களுக்குக் கில்மன் ஸ்காலர்ஷிப் வெளிநாட்டுப் படிப்புக்கு 5,000 டாலர் வரை தருகிறது. அமெரிக்காவில் பரவலாகக் கற்பிக்கப்படாத மொழிகளைக் கற்கப் போவோருக்கு போரன் ஸ்காலர்ஷிப் உண்டு. அதை வாங்கினால் பின்னர் குறைந்தது ஓராண்டாவது ஃபெடரல் அரசுப் பணி செய்ய வேண்டும். தாய்மொழியை முறையாகக் கற்க நினைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மதுரையில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் நடத்தும் தமிழ் வகுப்புகளும் இருக்கின்றன. எங்கே போனாலும் கிரெடிட் ஏற்கப்படுமா என்பதை முதலில் கேளுங்கள்.

எஃப்-1 விசாவில் வந்திருப்பவர்களுக்கு ஃபெடரல் உதவி கிடையாது. கல்லூரி தரும் ஸ்காலர்ஷிப் கூட வருமா என்பது மட்டுமே கேள்வி. ஆனால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பேசி, ஐ-20 செல்லுபடியாக இருக்கும் என்று உறுதி செய்யாமல் டிக்கெட் போடாதீர்கள்.

அனுப்ப வேண்டிய மின்னஞ்சல்

நிதியுதவி அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசினாலும், இந்த ஆறு கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள்:

1. இந்தத் திட்டத்துக்கு ஒப்பந்தம் ஏற்கெனவே இருக்கிறதா, புதிதாகப் போட வேண்டுமா?
2. என் உதவிக் கடிதத்தில் இருக்கும் ஒவ்வொரு தொகையிலும் எது வரும், எது வராது?
3. அங்கே எத்தனை கிரெடிட் எடுத்தால் இங்கே 12 ஆகும்?
4. செலவு பட்ஜெட்டை உயர்த்த என்னென்ன ஆவணம் வேண்டும்?
5. பணம் எந்தத் தேதியில், யார் கணக்குக்கு வரும்?
6. மதிப்பெண் தாமதமானால் அடுத்த செமஸ்டர் உதவி நிறுத்தப்படுமா?

திட்ட விண்ணப்பத்துக்கு முந்தைய செமஸ்டரின் தொடக்கத்திலேயே இதை அனுப்பிவிடுங்கள். இரண்டாம் கேள்விக்குத் தொகை தொகையாகப் பதில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள். "வழக்கமாக வரும்" என்று பதில் வந்தால், உங்கள் பெயருக்கு வருமா என்று மறுபடி கேளுங்கள்.