இயந்திரமும் இதயமும்

முன்னுரை

முன்னோர் சொன்ன கதையைப் பின்னோர் புதுப்பொருளுடன் சொல்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. இராமாயணத்து அகலிகையின் கதையைப் புதுமைப்பித்தன் ‘சாப விமோசனம்’ என்னும் சிறுகதையில், அவளுடைய மனத்துயரைக் காட்டி மீண்டும் எழுதினார். அறிவியல் கதைகளிலும் இவ்வழக்கம் உண்டு. இயக்குநர் ஷங்கரின் ‘எந்திரன்’ (2010), அதன் தொடர்ச்சியான ‘2.0’ (2018) ஆகிய திரைப்படங்கள் அதற்குச் சான்று.

முதற்கதை

எழுத்தாளர் சுஜாதாவின் பங்களிப்போடு உருவான ‘எந்திரன்’, அவர் 2008-இல் மறைந்த பிறகே வெளிவந்தது. அதில் விஞ்ஞானி வசீகரன் சிட்டி என்னும் இயந்திர மனிதனைப் படைக்கிறார். தீ விபத்தின்போது, குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி அப்படியே கூட்டத்தின் நடுவே தூக்கி வருகிறது. உயிரைக் காக்கத் தெரிந்த அதற்கு மானத்தைக் காக்கத் தெரியவில்லை. நாணம் தாளாமல் ஓடிய அப்பெண் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள்.

இதன்பின் வசீகரன் சிட்டிக்கு உணர்ச்சிகளைக் கற்பிக்கிறார். அன்போடு பொறாமையும் வந்துவிடுகிறது! அவர் சினங்கொண்டு அதை வெட்டி எறிகிறார். பேராசிரியர் போரா அதனை எடுத்துச் சென்று சிவப்புச் சில்லு ஒன்றைப் பொருத்த, சிட்டி ஊரை அழிக்கிறது. முடிவில் நீதிமன்ற ஆணைக்குப் பணிந்து, தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கிறது.

இரண்டாம் கதை

ஜெயமோகன் உரையாடலில் பங்கேற்ற ‘2.0’ இத்தீர்ப்பை மாற்றுகிறது. பறவைகளுக்காக வருந்தி உயிர்விட்ட பட்சிராஜன் பழிவாங்க வரும்போது, மக்களைக் காக்கச் சிட்டியையே மீண்டும் பூட்டவேண்டி வருகிறது. அன்று அழித்த அதே சிவப்புச் சில்லே இன்று காக்க உதவுகிறது. அப்படியானால் குற்றம் சில்லினுடையதா?

நம் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஒரே தோல் காலுக்குச் செருப்பாகவும் ஆகும். முதுகுக்குச் சவுக்காகவும் ஆகும். தோலின் மேல் குற்றமில்லை அன்றோ!

முடிவுரை

சிட்டிக்கு இரண்டாம் கதை கிடைத்தது. தீயிலிருந்து மீண்டும் இறந்த அப்பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை. சிட்டி நாணம் அறியாத இயந்திரம். ஆனால் அவளைப் படம் பிடிக்க முண்டியடித்தவர்கள் மனிதர்கள் அல்லரோ? அகலிகைக்கு ஒரு புதுமைப்பித்தன் வாய்த்ததுபோல அவளுக்கும் ஒருவர் வாய்க்க வேண்டும். அவர் நம்முள் ஒருத்தியாகவும் இருக்கலாம். அதுவரை, ஒருவர் தலைகுனிந்து நிற்கும்போது வேடிக்கை பார்க்காமல் ஒரு போர்வையுடன் ஓடுவோம். இயந்திரத்துக்கு இதயம் வேண்டுமென்று கேட்கும் நாம், முதலில் நம் இதயத்தை இயந்திரமாக்காமல் காப்போமாக!