கழித்த பிறகும் மிஞ்சும் காந்தம்

காந்தம்னா இரும்பு, கோபால்ட், நிக்கல். இது நாம பள்ளியில் படித்த பட்டியல். ஆனா பெரும்பகுதி கார்பனும் நைட்ரஜனும் கொண்ட ஒரு கருப்புப் பொடி, உலையே இல்லாம ஒரு கரைசலில் உருவாகி, அறை வெப்பநிலையிலேயே காந்தமா இருக்கும்னு சொன்னா நம்புவீங்களா? 1991-இல் ஜோயல் மில்லர், ஆர்தர் எப்ஸ்டைன் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் அப்படி ஒரு பொருளை அறிவித்தார்கள்.

இதில் என்ன இருக்கு?

இரண்டே பாத்திரங்கள். ஒன்று வனேடியம். மற்றொன்று டெட்ராசயனோஎத்திலீன், சுருக்கமா டிசிஎன்ஈ. இந்த மூலக்கூறுக்கு எலக்ட்ரான் மேல ரொம்ப ஆசை. ஒரு வனேடியம் அணு 2 எலக்ட்ரான்களைக் கொடுக்க, 2 டிசிஎன்ஈ ஆளுக்கு ஒன்றை வாங்கிக்கொள்ளும். இப்போ கணக்கு பாருங்க:

- வனேடியம் 2+ அயனியில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் 3.
- ஒவ்வொரு டிசிஎன்ஈ-யிலும் ஜோடி சேராத எலக்ட்ரான் 1. இப்படி ஒற்றை எலக்ட்ரானோடு நிற்கும் மூலக்கூறுதான் ரேடிக்கல்.

எதிரெதிரா நின்னா ரத்தாகாதா?

ஹைட்ரஜன் மூலக்கூறை நினைத்துப் பாருங்க. இரண்டு ஆர்பிட்டல்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும்போது, அவற்றின் எலக்ட்ரான்கள் எதிரெதிர் ஸ்பின்னோடு சேரும். இங்கேயும் கிட்டத்தட்ட அதே கதை. வனேடியத்தின் டி ஆர்பிட்டலும் ரேடிக்கலின் பை ஆர்பிட்டலும் படிவதால், வனேடியம் ஸ்பின் மேலே பார்த்தால் ரேடிக்கல் ஸ்பின் கீழே பார்க்கும்.

இரண்டு பக்கமும் சமமா இருந்தால் எல்லாம் ரத்தாகி, காந்தம் பூஜ்யம். இங்கே சமமில்லை. 3 − 2 = 1. மிஞ்சிய அந்த 1 தான் காந்தம். இதற்குப் பெயர் ஃபெரிமேக்னடிசம்.

வெப்பநிலையைத் தீர்மானிப்பது எது?

இதற்கு முன் 1980-களில் இதே டிசிஎன்ஈ ரேடிக்கலை ஓர் இரும்புச் சேர்மத்தோடு சேர்த்து, ஃபெரோகாந்தம் செய்திருந்தார்கள். ஆனா அது 4.8 கெல்வினுக்குக் கீழேதான் காந்தம். காரணம், அதில் இரும்பும் ரேடிக்கலும் பக்கத்தில் அடுக்கப்பட்டிருந்தன, அவ்வளவுதான். இடையே நேரடிப் பிணைப்பு கிடையாது. வனேடியம் பொடியில் டிசிஎன்ஈ-யின் நைட்ரஜன் நேரடியா உலோகத்தோடு பிணைந்திருக்கு. ஸ்பின்களின் பிடி இறுகியது. க்யூரி வெப்பநிலை சுமார் 400 கெல்வின் என்று மதிப்பிட்டார்கள். மதிப்பீடுதான், ஏன்னா அதை எட்டும் முன்பே, 350 கெல்வின் வாக்கில், பொடி சிதைய ஆரம்பிச்சிடும். காற்றும் இதற்கு ஆகாது. ஆக, நாளைக்கே மோட்டாரில் வராது. ஆனா மைக்ரோவேவ் கருவிகளுக்காக இதன் மெல்லிய படலங்களை ஆராய்கிறார்கள்.

நீங்களே போட்டுப் பாருங்க

வனேடியத்துக்குப் பதில் மாங்கனீஸ் 2+ வைத்தால்? ஜோடி சேராத எலக்ட்ரான்கள் 5. அப்போ 5 − 2 = 3. மிச்சம் மூன்று மடங்கு! க்யூரி வெப்பநிலையும் ஏறுமா? ஏறாது, அறை வெப்பநிலைக்கு வெகு கீழே போயிடும். காந்தத்தின் அளவைச் சொல்வது கழித்தல் கணக்கு. அது எந்த வெப்பம் வரை தாங்கும் என்பதைச் சொல்வது ஸ்பின்களுக்கு இடையிலான பிடி. இந்த இரண்டையும் குழப்பிக்காம இருந்தா, இந்தப் பாடத்தில் பாதி முடிஞ்ச மாதிரி.