கேஸ் ஷீட்டா, கோடிங்கா: திருச்சியில் மருத்துவப் பதிவேட்டுப் பணி

திருச்சியில் மருத்துவப் பதிவேட்டுப் பணிக்கு வருவோர் முன் மூன்று வழிகள் உள்ளன: அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, அமெரிக்க மருத்துவமனைகளின் பில்லுக்கான குறியீடுகளை இங்கிருந்தே போட்டுத்தரும் மெடிக்கல் கோடிங் நிறுவனம்.

புத்தூர் ஜி.எச். எனப்படும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தது. இத்தகைய பெரிய அரசு மருத்துவமனைக்கு விபத்து, நஞ்சு வழக்குகள் நிறைய வரும். அவற்றின் கேஸ் ஷீட்டை, அதாவது நோயாளியின் சிகிச்சைக் கோப்பை, போலீசும் நீதிமன்றமும் கேட்கும். பதிவேட்டு அறையில் கோப்பை அடுக்கும் முறையே ஒரு பாடம். ஐ.பி. (உள்நோயாளி) எண் 482317 என்றால், முதலில் கடைசி 17-க்கான அலமாரி, அதில் 23-ஆம் பகுதி, பிறகு 48-ஆவது கோப்பு. புதிய கோப்புகள் ஒரே மூலையில் குவியாமல் அறை முழுதும் பரவும். இறப்புச் சான்றுக்கான படிவம் 4-இல் காரணம் ‘இதயம் நின்றது’ என்று மட்டும் இருந்தால், அதை மருத்துவரிடம் திருப்பி அனுப்பத் துணிவு வேண்டும். அது சாகும் விதம், சாவுக்கான நோய் அல்ல. ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனை போன்ற சிறிய இடங்களில் ஒருவரே பல வேலைகளைப் பார்க்க நேரும். நிரந்தரப் பணிக்குப் பாதுகாப்பு உண்டு. இடங்களோ குறைவு, அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

தில்லைநகர், கண்டோன்மென்ட் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளில் வேலை விரைவில் கிடைக்கும், தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் சிறியது. ஆனால் தொழில் கற்க இதைவிட நல்ல இடம் இல்லை. டிஸ்சார்ஜ் ஆன கேஸ் ஷீட்டில் ஒப்புதல் படிவம், அறுவைக் குறிப்பு, நர்சிங் சார்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் உள்ளனவா, கையெழுத்து விடுபட்டதா என்று தாள்தாளாகப் பார்க்க வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் பணம் நிற்கலாம், மருத்துவமனைத் தரத்துக்கான என்.ஏ.பி.எச். தணிக்கையிலும் கேள்வி எழும். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறைப்படி உள்நோயாளி பதிவேட்டை மூன்றாண்டு காக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் நகல் தரவேண்டும்.

கோடிங் நிறுவனத்தில் நோயாளியும் இல்லை, கோப்பும் இல்லை. திரையும் தினசரி இலக்கும்தான். சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவருக்கு இந்திய மருத்துவமனையில் நோய்க்கான ஐ.சி.டி.-10 குறியீடு இ11.2. அமெரிக்கப் பதிப்பில் அது இ11.22 ஆகும், கூடவே சிறுநீரகப் பாதிப்பின் நிலையைச் சொல்ல என்18 வரிசையில் இன்னொன்றும் வேண்டும். இந்த நுணுக்கம் பிடித்தவர்களுக்கு கோடிங்குக்கான சி.பி.சி. சான்றிதழ் பெற்றபின் சம்பளம் கூடும், திருச்சியை விட்டுப் போகாமலேயே. உடற்கூறியல் தெரியாமல் குறியீட்டை மனப்பாடம் செய்து நுழைபவர்கள் துல்லியத் தணிக்கையில் திணறுவார்கள். அதனால், வசதி இடம்கொடுத்தால், ஓராண்டு மருத்துவமனைப் பதிவேட்டு அறையில் இருந்துவிட்டுக் கோடிங்குக்குப் போவது நல்லது.

படிப்பைப் பொறுத்தவரை, மத்திய சுகாதாரப் புலனாய்வுப் பணியகம் புதுச்சேரி ஜிப்மரில் நடத்திவரும் டெக்னீஷியன் பயிற்சி ஆறு மாதம், அலுவலர் பயிற்சி ஓராண்டு. உள்ளூர்ப் பயிற்சி நிலையத்தில் சேர்வோர், மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி எத்தனை மாதம் என்று கேட்டபின் கட்டணம் கட்டலாம். 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் சுகாதாரத் தகவல் மேலாண்மையையும் தன் அட்டவணையில் சேர்த்திருப்பதால், சான்றிதழ் தருவது யார் என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ள வேண்டும்.