எண்ணெயால் மை போகுமா?

ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பங்கள் வெளியானதிலிருந்து டிசம்பர் முடியும்வரை சிவகாசி ஆஃப்செட் அச்சகங்களில் மெஷினுக்கு ஓய்வு கிடையாது. மை மாற்றும்போதெல்லாம் ரோலரையும், மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் பிளாங்கெட்டையும் துடைத்தாக வேண்டும். கையில் பனியன் வேஸ்ட்; பக்கத்தில் பெட்ரோல், மண்ணெண்ணெய் அல்லது தின்னர். இதே வேலைக்குத் தாவர எண்ணெயிலிருந்து செய்த எஸ்டர் திரவங்கள் ஐரோப்பிய அச்சகங்களில் பல ஆண்டுகளாகப் புழங்குகின்றன. டென்மார்க்கில் தொடங்கிய இந்த மாற்றத்தை 1990களில் 'சப்ஸ்பிரிண்ட்' என்ற திட்டம் பிற நாடுகளுக்கும் கொண்டுசென்றது. இங்கே மாற விடாமல் சில நம்பிக்கைகள் தடுக்கின்றன. மாறியவர்களைத் தவறான வழியில் இழுக்கும் நம்பிக்கைகளும் உண்டு.

நம்பிக்கை: இத்தனை வருஷமா தின்னர்லதான் துடைக்கிறோம், யாருக்கு என்ன ஆச்சு?

ஜப்பானின் ஒசாகாவில் இருந்த ஓர் அச்சகத்திலும் பல ஆண்டுகள் ஒன்றும் ஆகாததுபோலத்தான் தெரிந்தது. அங்கே நடந்தது மாதிரிப் படி அச்சிடும் வேலை. கொஞ்சம் தாள் ஓடியதுமே மை மாற்ற வேண்டும் என்பதால் நாள் முழுக்கத் துடைப்புதான். அறையில் காற்றோட்டம் போதாது. துடைக்கப் பயன்பட்டவை டைகுளோரோமீத்தேனும் 1,2-டைகுளோரோபுரோப்பேனும். பித்தநாளப் புற்றுநோய் பொதுவாக வயதானவர்களுக்கு, அதுவும் அரிதாக வருவது. அங்கே வேலை பார்த்த ஆண்களுக்கு அது 25 முதல் 45 வயதுக்குள் வந்தது. தொழில்நோய் ஆய்வாளர் சின்ஜி குமகாய் 2012இல் இதை வெளியே கொண்டுவந்தார். அந்த ஓர் அச்சகத்தில் மட்டும் 17 பேர் என்று கணக்கு ஏறியது. 2014இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 1,2-டைகுளோரோபுரோப்பேனை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

நோய் தெரியவந்தபோது பலர் அந்த வேலையை விட்டே போயிருந்தார்கள். மெஷின் பக்கத்தில் நிற்பவர்களை மட்டும் பார்த்து “யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்வதில் அர்த்தமில்லாமல் போவது இதனால்தான். இன்னொன்று, அந்தக் காலத்தில் 1,2-டைகுளோரோபுரோப்பேனுக்கு ஜப்பானில் கடுமையான கட்டுப்பாடு இல்லை. சட்டம் தடுக்காத ஒரு பொருளைத்தான் அந்தத் தொழிலாளர்கள் சுவாசித்தார்கள்.

நாங்கள் பெட்ரோல்தானே ஊற்றுகிறோம் என்றால், நம் பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்க அனுமதி உண்டு. ரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பென்சீனும் அதே முதல் பிரிவில்தான் இருக்கிறது. சட்டென்று காயும் சில கரைப்பான்களில் உள்ள ஹெக்சேன், கை கால் நரம்புகளைச் சிதைத்து மரத்துப்போகச் செய்யும். வேலை முடிந்து பெட்ரோலில் கை கழுவும் பழக்கத்தை இன்றைக்கே நிறுத்திவிடலாம். அதற்கு எந்தப் புதுத் திரவமும் வாங்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: எண்ணெய் போட்டால் மை இன்னும் பிசுபிசுக்கும்.

ஆஃப்செட் மையே எண்ணெயில் குழைத்ததுதான். ஆளி விதை, சோயா எண்ணெய்கள் அதில் சேர்கின்றன. எண்ணெய்ப் பசையை எண்ணெய்த் தன்மையுள்ள திரவம் இளக்கும். சமையல் எண்ணெயை அப்படியே ஊற்றினால் பிசுபிசுக்கும் என்பது சரி. எண்ணெயை ஆல்கஹாலோடு வினைபுரியச் செய்தால் கிடைக்கும் எஸ்டர் அப்படியல்ல. தண்ணீர்போல் மெலிந்து ஓடும். சோயா மெத்தில் எஸ்டரும், தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலத்திலிருந்து கிடைக்கும் லாரேட் எஸ்டர்களும் இந்த வகை.

தயக்கத்துக்கு உண்மையான காரணம் வேறு. எஸ்டர் ஆவியாகாது. பெட்ரோல் துடைத்ததும் தானே காய்ந்துவிடும். எஸ்டரை ஊற வைத்து, துடைத்து, பிறகு ஈரத் துணியால் இன்னொரு முறை எடுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த தாள்களில் மை சரியாக ஏறாது. அவசர ஆர்டர் ஓடும்போது இந்தக் கூடுதல் நிமிடங்கள் எரிச்சலூட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆவியாகாத அந்தக் குணம்தான் நுரையீரலைக் காப்பாற்றுகிறது. கேனை மட்டும் மாற்றி, துடைக்கும் முறையை மாற்றாத அச்சகம் கொஞ்ச நாளில் பெட்ரோலுக்கே திரும்பிவிடும். யூவி மைக்கு இந்த எஸ்டர்கள் பொதுவாகச் சரிப்படாது. சில ரப்பர் ரோலர்கள் ஊதவும் கூடும் என்பதால் ரோலர் செய்தவரிடம் முதலில் கேட்க வேண்டும்.

நம்பிக்கை: செடியிலிருந்து வந்தது, ஆரஞ்சு மணக்கிறது, பயமில்லை.

டர்பன்டைனும் பைன் மரத்திலிருந்து வந்ததுதான். அதைக் கையாண்ட எத்தனையோ பெயின்டர்களுக்குக் கையில் தோல் அழற்சி வந்திருக்கிறது. ஆரஞ்சுத் தோலின் லிமோனீன் மையை நன்றாக எடுக்கும். ஆனால் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் ஆகும்போது உண்டாகும் பொருள்கள் தோல் ஒவ்வாமையைத் தூண்டும். மூடாமல் வைத்த பழைய டப்பாதான் கூடுதல் ஆபத்து. சாக்கடையில் விட்டால் நீர்வாழ் உயிர்களுக்கும் அது கடும் நஞ்சு.

லிமோனீனின் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது தீப்பற்றும் அளவுக்கு ஆவி எழும் வெப்பநிலை, சுமார் 48 டிகிரி. கோடையில் வெயில் காய்கிற தகரக் கூரையின் கீழ் இது போதுமான இடைவெளி அல்ல. சோயா எஸ்டருக்கு இது 130க்கும் மேல்; பெட்ரோலுக்கோ பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 40. ஆகவே லேபிளில் இலைப் படம் இருக்கிறதா என்று பார்க்காமல், விற்பவரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். அதன் 2ஆம் பகுதியில் ஆபத்துகளும் 9ஆம் பகுதியில் ஃபிளாஷ் பாயின்டும் இருக்கும். தாள் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

நம்பிக்கை: விலை கட்டுபடியாகாது.

லிட்டர் விலை கூடுதல்தான். ஆனால் பெட்ரோலில் பெரும்பங்கு துணியிலிருந்தே காற்றில் போய்விடுகிறது. லிட்டருக்கு எவ்வளவு என்று பார்க்காமல், ஒரு பிளாங்கெட்டைத் துடைக்க எவ்வளவு என்று ஒரே மெஷினில், காலண்டர் சீசன் இல்லாத மாதத்தில் கணக்குப் பாருங்கள்.

நம்பிக்கை: ஆவியே இல்லை, இனித் தீப்பிடிக்காது.

இது ஆபத்தான நம்பிக்கை. சோயா, ஆளி விதை போன்ற உலரும் எண்ணெய்களும் அவற்றின் எஸ்டர்களும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது சூட்டை வெளியிடும். விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு கலைந்துவிடும். சுருட்டி மூலையில் குவித்த பனியன் வேஸ்ட்டில் உள்ளேயே ஏறி, தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் வகைகளில் இந்த ஆபத்து குறைவு. எந்த எஸ்டரானாலும் துடைத்த துணியை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் தண்ணீரில் அமுக்கிப் போட்டு, ஷிஃப்ட் முடிந்ததும் தொட்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். தாள் கட்டுகள் அடுக்கிய இடத்துக்குப் பக்கத்தில் அது ஓர் இரவுகூட இருக்கக் கூடாது.